டயரை எப்போது மாற்றிப் போடுவது, எப்போது போடக்கூடாது

காரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் 40 பக்கக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். மகளின் பழைய கணக்குக் கொப்பி. முதல் ஆறு பக்கத்தில் அவளுடைய பெருக்கல் வாய்ப்பாடு, அதற்குப் பிறகு முழுக்க டயர்தான். ஒவ்வொரு வரியிலும் திகதி, கிலோமீற்றர், அப்புறம் நாலு எண்: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. டயரின் காடி, அதாவது மேற்பரப்பில் உள்ள பள்ளம், எத்தனை மில்லிமீற்றர் ஆழம் மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் எழுதி வைக்கிறேன். அளக்கிற கருவி பென்சில் அளவுதான் இருக்கும், விலையும் பெரிதில்லை. நாலு டயரையும் அளந்து எழுதப் பத்து நிமிடம் கூட ஆகாது.

போன கிழமை செங்கலடியில் இருக்கும் மனைவியின் தம்பி போன் எடுத்தான். சேர்விஸுக்குக் காரை விட்ட இடத்தில் டயர் ரொட்டேஷன், அதாவது முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போடுவது, செய்யச் சொன்னார்களாம். "அத்தான், டயர மாத்திப் போடத்தான் வேணுமா, இல்லாட்டி சும்மா காசு எடுக்கச் சொல்றாங்களா?" என்று கேட்டான். போனில் ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் இந்த விசயத்தில் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருந்ததால் ஒரு மார்கழி மாதத்தில் குடும்பத்தோடு போன கார் நடுரோட்டில் சுற்றியதைக் கண்டவன் நான். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், வாகனம் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் சுருக்கமான பதில். ஓம், செய்ய வேண்டும். 5,000 கிலோமீற்றருக்கும் 8,000 கிலோமீற்றருக்கும் இடையில் ஒரு தடவை, கூடிப் போனால் 10,000. ஆனால் டயர் புதிதாக இருக்கும்போதே தொடங்கினால்தான் அதில் பிரயோசனம் இருக்கிறது. 30,000 கிலோமீற்றர் ஓடிய பிறகு திடீரென்று ஞாபகம் வந்து "சரி, இப்போது மாற்றிப் போடுவோம்" என்றால் அது சில நேரம் உதவியை விட ஆபத்தைத்தான் கொண்டுவரும். இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை.

ஏன் டயர்கள் ஒரே மாதிரித் தேய்வதில்லை? நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள், ஓல்டோவோ வேகன் ஆரோ எக்சியோவோ, அனேகமானவை முன் சக்கரத்தால் இழுக்கப்படுபவை. என்ஜினும் கியர் பெட்டியும் முன்னுக்கு, அந்தப் பாரம் முழுக்க முன் டயரில். இழுப்பதும் அவை, திரும்புவதும் அவை. பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னுக்குச் சாய்கிறது, ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும் பங்கும் அவற்றுக்கே. பின் டயர் இரண்டும் பின்னால் உருண்டு வருகின்றன, பின்பாரத்தைத் தாங்குகின்றன, அவ்வளவுதான். என் கொப்பிக் கணக்கில் முன் டயர் பின் டயரைப் போல இரண்டு மடங்கு வேகமாகத் தேய்கிறது. புதிதில் 7.5 மில்லிமீற்றர் இருந்த நாலு டயரும் 7,000 கிலோமீற்றர் ஓடிய பிறகு முன்னுக்கு 6.3, பின்னுக்கு 6.9.

நான் ஓடுகிற பாதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் டயர் தேய்வது பாதையைப் பொறுத்தது. மட்டக்களப்பு கல்லடியில் இருந்து கல்முனைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போக வர ஏறத்தாழ 75 கிலோமீற்றர். ஏ4 வீதி, முழுக்கச் சமதரை, தார் நன்றாக இருக்கிறது, மலை இல்லை. அப்படிப் பார்த்தால் டயருக்குச் சுகமான பாதை. ஆனால் காத்தான்குடியில் நடுவீதிப் பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தால் ஊர்ந்து போகிற நேரம் எத்தனை தரம் பிரேக், ஆரையம்பதி தாண்டிக் கொஞ்சம் வேகம் எடுத்தால் களுவாஞ்சிகுடிச் சந்தியில் திரும்பவும் பிரேக், முன்னால் போகிற பஸ் நினைத்த இடத்தில் நிற்கும், ஓட்டோ குறுக்கே வரும். ஒவ்வொரு பிரேக்குக்கும் முன் டயர்தான் விலை கொடுக்கிறது. சுற்றுவட்டத்தில் நாம் வலஞ்சுழியாகச் சுற்றுவதால் பாரம் இடது பக்க டயரில் விழுகிறது, பஸ்ஸுக்கு ஒதுங்கி வீதியோரம் இறங்கி ஏறுவதும் இடது டயர்தான். என் கொப்பியில் முன் இடது எப்போதும் மற்றதை விட ஒரு முடியளவு குறைவாகவே இருக்கிறது. பின் டயரைக் குறுக்காக முன்னுக்குக் கொண்டுவருவதால் இந்த இடது வலது வித்தியாசமும் சமப்படும்.

இனி அந்த மார்கழிக் கதை.

ஜப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன் வேகன் ஆரை 2015இல் வாங்கினேன். ஜப்பான் டயரோடுதான் வந்தது. நான் டயரைப் பற்றி எதுவும் யோசிக்கவில்லை, காற்றுக் கூட கண்ணால் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று நினைக்கிற ஆள். 2018 புரட்டாதியில் 31,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது, முன் டயர் இரண்டின் ஓரமும் மொட்டையாகிவிட்டது. நடுவில் இன்னும் காடி இருந்தது. காற்றுக் குறைவாகவே ஓடியிருக்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம், அன்றைக்கு எனக்கு அது தெரியாது. பின் டயரில் 5 மில்லிமீற்றர் அளவுக்கு மிச்சம். மாரி வரப் போகிறது என்று டயர்க் கடைக்குப் போனேன். இரண்டு புது டயர் எடுத்தேன், அதை முன்னுக்குப் போட்டார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். முன் டயர்தானே திருப்புகிறது, முன் டயர் வெடித்தால்தானே ஆபத்து, நல்லது முன்னுக்கு இருக்க வேண்டும் என்று நம்மில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் சொல்வார்கள்.

மார்கழியில் ஒரு பின்னேரம் கல்முனையில் இருந்து மனைவியோடும் மகளோடும் திரும்பிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கக் கொட்டிய மழை அப்போதுதான் கொஞ்சம் விட்டிருந்தது. கல்லாறுப் பக்கம் வீதியில் ஒரு இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது, லேசான வளைவு, வேகம் 60 அளவில்தான் இருக்கும். தண்ணீரைக் கண்டதும் பிரேக்கைத் தொட்டேன். ஸ்டியரிங் என் கையில் ஒரு வித்தியாசமும் காட்டவில்லை, முன்பக்கம் தார் வீதியைப் பிடித்தபடி போனது. ஆனால் முதுகுக்குப் பின்னால் கார் எங்கேயோ போய்விட்டது. ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் கார் அரைவட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி வீதியோர மணலில் நின்றது. எதிரே அந்த நேரம் வாகனம் வராதது கடவுள் புண்ணியம். மகள் அழவில்லை, சத்தமே இல்லாமல் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதுதான் எனக்கு அழுகையை விடக் கஷ்டமாக இருந்தது. பக்கத்துக் கடையில் இருந்து ஒரு ஐயா குடையோடு ஓடி வந்தார். "ஒண்டுமில்ல தம்பி, ஒண்டுமில்ல. முதல்ல பிள்ளைய இறக்கி உள்ள கூட்டிற்று வாங்க" என்றார். தேத்தண்ணீர் தந்தார். காசு வாங்கவில்லை.

அடுத்த நாள் காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த இன்னொரு டயர்க்கடை நானாவிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் முன் டயரைப் பார்க்கவே இல்லை. பின்பக்கம் போய்க் குந்திக்கொண்டு டயரின் பக்கச் சுவரில் இருந்த நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கத்தைக் காட்டினார்: 1914. 2014ஆம் ஆண்டின் 19ஆவது வாரத்தில் செய்த டயர். நாலரை வருஷம் வெயிலில் கிடந்து கல்லாகிவிட்டது. நகத்தால் அழுத்திக் காட்டினார், புது டயரில் நகம் கொஞ்சம் உள்ளே போனது, பழையதில் வழுக்கியது. "தம்பி, புதுசப் பின்னுக்குப் போட்டிருக்கணும்" என்றார். அன்றே முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டுத் தந்தார்.

காரணம் இதுதான். தண்ணீர் தேங்கிய இடத்தில் டயர் அந்தத் தண்ணீரைக் காடி வழியாக வெளியே தள்ள வேண்டும். காடி ஆழம் குறைந்த டயர் அதைச் செய்ய முடியாமல் தண்ணீர் மேலேயே மிதக்கத் தொடங்கும். முன் டயர் மிதந்தால் ஸ்டியரிங் இலேசாகிவிடும், கார் நேரே போகும், ஓட்டுகிறவருக்குக் கையிலேயே தெரிந்துவிடும், அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின் டயர் மிதந்தால் கையில் எந்த அறிவிப்பும் வராது. தெரிய வரும்போது கார் சுற்றத் தொடங்கியிருக்கும், அதை மீட்பது நம்மைப் போல சாதாரண ஓட்டுநர்களுக்கு ஏலாது. அதனால்தான் இரண்டு டயர் மட்டும் வாங்கினால் நல்லதைப் பின்னுக்குப் போடும்படி மிச்செலின் போன்ற டயர்க் கம்பனிகளே சொல்கின்றன, கார் முன் சக்கர இழுவையாக இருந்தாலும் கூட.

இங்கேதான் ஒரு முரண் வருகிறது, நான் பல நாள் இதில் குழம்பிப் போய் இருந்தேன். ரொட்டேஷன் என்றால் தேய்ந்த முன் டயர் பின்னுக்குப் போகும். நல்ல டயர் பின்னுக்கு இருக்க வேண்டும் என்றால் தேய்ந்ததை எப்படிப் பின்னுக்குப் போடுவது? இரண்டு புத்திமதியும் ஒன்றையொன்று அடிக்கிறதே?

கொப்பியில் எழுதத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விடை தெளிந்தது. காலத்தோடு மாற்றினால் அந்த முரண் எழும்புவதே இல்லை. 7,000 கிலோமீற்றரில் முன் பின் வித்தியாசம் 0.6 மில்லிமீற்றர். 6.3 உள்ளதைப் பின்னுக்குப் போட்டு 6.9 உள்ளதை முன்னுக்குக் கொண்டுவருவதால் மழையில் எந்தக் குறையும் வராது, இரண்டும் தண்ணீரை நன்றாகத் தள்ளக்கூடிய ஆழம். அடுத்த 7,000இல் நாலும் திரும்ப ஒரே அளவுக்கு வந்துவிடும். ஆனால் மாற்றாமலே 30,000 ஓடிவிட்டால் முன்னுக்கு 2, பின்னுக்கு 5 என்று நிற்கும். அந்த நிலையில் 2 உள்ளதைப் பின்னுக்குத் தள்ளுவது என்னைச் சுற்ற வைத்த அதே வேலை, இன்னும் மோசமாக. அப்போது ரொட்டேஷன் செய்யக்கூடாது. முன் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, பின்னதை முன்னுக்குக் கொண்டுவந்து, புதிது இரண்டைப் பின்னுக்குப் போட வேண்டும்.

ஆகவே சேர்விஸ் இடத்தில் "டயர் ரொட்டேஷன் செய்யவா?" என்று கேட்டால் ஓம் என்று சொல்ல முன்னர் ஒரு தடவை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். என் அளவுகோல், வித்தியாசம் 1.5 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் மாற்றுவேன், அதற்கு மேலே என்றால் மாரி காலத்தில் கண்டிப்பாக மாற்ற மாட்டேன்.

அடுத்தது காசு. ரொட்டேஷன் செய்தால் டயர் இரட்டிப்பாக உழைக்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பொய். என் எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். காடிக்குள் குறுக்காக ஒரு சின்னத் திட்டு இருக்கும், டயரின் மேற்பரப்பு அதற்குச் சமமாக வந்தால் 1.6 மில்லிமீற்றர் மிச்சம், டயர் முடிந்தது என்று அர்த்தம். மாற்றாமல் ஓடினால் முன் டயர் 34,000 கிலோமீற்றர் சொச்சத்தில் அங்கே வரும், பின் டயர் 69,000 கிட்ட வரும். 69,000 கிலோமீற்றருக்கு முன்னுக்கு நாலு, பின்னுக்கு இரண்டு, மொத்தம் ஆறு டயர். ஒழுங்காக மாற்றிப் போட்டால் நாலு டயரும் சேர்ந்து 46,000 அளவில் முடியும், அப்படியென்றால் 69,000க்குக் கணக்குப் பார்த்தால் அதே ஆறு டயர்தான். இறப்பர் எங்கிருந்தும் கூடுதலாக முளைப்பதில்லை.

அப்படியென்றால் எதற்கு மெனக்கெட வேண்டும்? இந்தக் கணக்கு டயர் முழுக்கச் சமமாகத் தேய்கிறது என்று வைத்துப் போட்டது, உண்மையில் அப்படித் தேய்வதில்லை என்பதால்தான். முன்னுக்கு நிற்கும் டயர் திரும்புகிற வேலையால் ஓரத்தில் கூடுதலாகத் தேயும். ஓரம் முடிந்தால் நடுவில் 3 மில்லிமீற்றர் இருந்தாலும் டயரைக் குப்பையில்தான் போட வேண்டும், என் முதல் இரண்டு டயருக்கும் நடந்தது அதுதான். பின்னுக்கு நிற்கும் டயர் வேறு மாதிரிக் கெடும். காடிகளுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு இறப்பர்க் கட்டமும் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் வாள் பல் மாதிரித் தேயும். பார்த்தால் தெரியாது, தடவித்தான் பார்க்க வேண்டும். உள்ளங்கையை டயரின் மேல் ஒரு திசையில் ஓட்டினால் வழுவழுவென்று போகும், எதிர்த் திசையில் ஓட்டினால் மீனைச் செதிலுக்கு எதிராகத் தடவியது மாதிரி விரலில் இடறும். அந்த டயர் 50, 60 வேகத்தில் ஊளையிடும், பலர் அதை பெயாரிங் சத்தம் என்று நினைத்து பெயாரிங் மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள். ஆரம்பத்தில் இருந்தே இடம் மாறி ஓடுகிற டயரில் அந்தப் பல் வளரவே நேரம் கிடைக்காது.

இன்னொன்று வயது. குறைவாக ஓடும் காரில் பின் டயர் தேயாமலே கிழடாகும். காடி நிறைய இருக்கிறதே என்று மனம் சொல்லும், ஆனால் இறப்பர் செத்துப் போயிருக்கும். ஐந்து வருஷம் தாண்டிய டயரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது விசயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருஷம் ஆனதைப் பார்க்கவும் தேவையில்லை, கழற்றிவிடுங்கள்.

மாற்றிப் போடுவதால் தீராத வியாதிகளும் இருக்கின்றன. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் எலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கிற கோணம், பிழை, இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், அங்கங்கே குழி விழுந்தால் ஷொக் அப்சோபரைப் பாருங்கள். இவற்றைச் சரி செய்யாமல் டயரை மாற்றிப் போட்டால் நோயை நாலு டயருக்கும் பரப்பியதாகத்தான் முடியும். எலைன்மென்ட் செய்தால் ரொட்டேஷன் தேவையில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், இரண்டும் வேறு வேறு வேலை. சக்கரத்தின் எடையைச் சுற்றிவரச் சமப்படுத்துகிற வீல் பேலன்ஸும் அப்படித்தான். பின்னுக்கு இருந்தபோது தெரியாத நடுக்கம் முன்னுக்கு வந்தவுடன் 80, 90 வேகத்தில் ஸ்டியரிங்கில் தெரியும், மாற்றியதால் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், பேலன்ஸ் பார்த்தால் சரியாகிவிடும்.

சரி, எதை எங்கே போடுவது? முன் சக்கர இழுவைக் காரில் முன் டயர் இரண்டும் அதே பக்கத்தில் நேராகப் பின்னுக்குப் போகும், பின் டயர் இரண்டும் குறுக்காக மாறி முன்னுக்கு வரும். அதாவது பின் இடது முன் வலதுக்கு, பின் வலது முன் இடதுக்கு. ஹையேஸ் வேன், டபுள் கெப் போன்ற பின் சக்கர இழுவை வாகனத்தில் இதற்கு நேர் எதிர்: பின் இரண்டும் நேராக முன்னுக்கு, முன் இரண்டும் குறுக்காகப் பின்னுக்கு. இன்றைய கார்களில் அனேகமாக இருக்கிற ரேடியல் வகை டயரைப் பக்கம் மாற்றக்கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ரேடியல் வந்த ஆரம்ப காலத்தில் அப்படி ஒரு புத்திமதி இருந்தது உண்மை, இன்றைய டயருக்கு அது பொருந்தாது.

ஆனால் டயரின் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் கவனம். அது ஒரு திசையில் மட்டும் சுழலச் செய்த டயர், அதே பக்கத்திலேயே முன் பின்னாக மட்டும் மாற்றலாம், குறுக்கே போட்டால் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய காடி எதிர்த் திசையில் வேலை செய்யும். வெளிப்பக்கம் உள்பக்கம் என்று அடையாளம் உள்ள டயரில் அந்தப் பிரச்சினை இல்லை, வெளிப்பக்கம் வெளியே இருந்தால் போதும். முன்னுக்கு ஒரு அளவு பின்னுக்கு ஒரு அளவு உள்ள வாகனத்தில் முன் பின் மாற்ற முடியாது. ஸ்பெயார் டயர் மற்ற நாலையும் போல முழு அளவு என்றால் அதையும் சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம், சேர்க்காவிட்டால் அது டிக்கிக்குள்ளேயே கிழடாகும். ஒல்லியான தற்காலிக ஸ்பெயாரைச் சேர்க்கக்கூடாது, அது 80 வேகத்துக்கு மேல் ஓடவே செய்யப்படாதது.

ஓட்டோக்காரர்களுக்கும் ஒரு சொல். பஜாஜ் ஓட்டோவில் மூன்றும் 4.00-8 என்ற ஒரே அளவு, ஸ்பெயாரோடு நாலு, ஆகவே தாராளமாகச் சுற்றலாம். மோட்டார் சைக்கிளிலும் ட்ராக்டரிலும் முன்னும் பின்னும் வேறு வேறு டயர், இந்தப் பேச்சே இல்லை. எந்நேரமும் நாலு சக்கரமும் இழுக்கிற வாகனம் வைத்திருப்பவர்கள்தான் எல்லாரையும் விடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, அது கூடுதல் தரம் சுழலும், அந்த வித்தியாசத்தை உள்ளே இருக்கிற கியர்கள் ஓயாமல் தாங்க வேண்டி வரும், அதைப் பழுது பார்க்கிற செலவோடு ஒப்பிட்டால் நாலு டயர் விலை ஒன்றுமில்லை.

நான் இப்போது வீட்டிலேயே செய்கிறேன். கல்லடியில் எங்கள் முற்றம் முழுக்க மணல், வெறும் மணலில் ஜக் வைத்தால் கார் உயர்வதற்குப் பதில் ஜக் தாழும். தடித்த பலகைத் துண்டு நாலு வைத்திருக்கிறேன், ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் அவைதான். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையோ காலோ வைக்கவே கூடாது, ஸ்டாண்ட் இல்லாவிட்டால் டயர்க்கடையிலேயே செய்யுங்கள், அவர்கள் கேட்பது பெரிய காசில்லை. சக்கரம் நிலத்தில் இருக்கும்போதே நட்டைக் கொஞ்சம் இளக்கிக்கொண்டு பிறகுதான் உயர்த்த வேண்டும். கழற்றியவுடன் ஒவ்வொரு டயரிலும் சோக்கால் அது நின்ற இடத்தை எழுதிவிடுவேன், இல்லாவிட்டால் நாலும் முற்றத்தில் கிடக்கும்போது எது எது என்று தெரியாது. காடிக்குள் இறுகியிருக்கிற கல்லை ஸ்குரூ ட்ரைவரால் நெம்பி எடுப்பதும் அப்போதுதான். போன தடவை ஒரு இரண்டு அங்குல ஆணி தலை மட்டும் தெரிய உள்ளே கிடந்தது, காற்று இன்னும் போகத் தொடங்கவில்லை, அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும் வழியில் போயிருக்கும்.

நட்டை எதிரெதிராக இறுக்க வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் இறுக்கினால் சக்கரம் கோணலாக உட்காரும். முதலில் கையால், பிறகு நிலத்தில் இறக்கி ஸ்பானரால். இறுக்க வேண்டிய அளவு என் காருக்கு 85 நியூட்டன் மீற்றர், டொயோட்டாக் கார்களில் அனேகமாக 103. கடையில் காற்றுத் துப்பாக்கியால் ட்ரர்ர் என்று இறுக்கிவிட்டால் வழியில் பஞ்சரானால் நீங்கள் ஏறி மிதித்தாலும் கழராது, ஆகவே கடைசி இறுக்கத்தைக் கையால் செய்யச் சொல்லுங்கள். பிறகு 50இலிருந்து 100 கிலோமீற்றர் ஓடியதும் ஒரு தடவை நட்டைத் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும். எனக்கு அது சரியாக ஒரு நாள் வேலைக்குப் போய் வருகிற தூரம், அன்று பின்னேரம் வந்து உடுப்பு மாற்ற முன் அதைப் பார்த்துவிடுவேன். காற்றையும் மறக்க வேண்டாம். பல வாகனங்களில் முன்னுக்கும் பின்னுக்கும் காற்றின் அளவு வேறு, டயர் இடம் மாறினால் காற்றையும் அந்த இடத்துக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும். அளவு சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும்.

ரொட்டேஷனே செய்யாமல் இருப்பதற்கும் ஒரு நியாயமான வழி இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் பிழை. நாலு டயரும் ஒன்றாக முடிந்தால் நாலையும் ஒன்றாக வாங்க வேண்டும். 2022இல் டயர் விலை ஏறிய ஏற்றத்தில் சம்பளக்காரர் எத்தனை பேரால் அது முடிந்தது? பாவித்த டயரைத் தேடி மட்டக்களப்பில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே இரண்டு இரண்டாகத்தான் வாங்க முடியும் என்றால் இப்படிச் செய்யுங்கள்: மாற்றாமல் ஓடுங்கள், முன் இரண்டும் தேய்ந்ததும் கழற்றுங்கள், பின்னதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள், புதிதை எப்போதும் பின்னுக்கே போடுங்கள். பின்னுக்கு எந்நேரமும் நல்ல டயர், ஒரு டயரும் அளவுக்கு மீறிக் கிழடாகாது. நானும் சில நேரம் இதையே யோசித்ததுண்டு. ஆனால் முன்னுக்கு 2 மில்லிமீற்றரோடு கார்த்திகை மழையில் பிரேக் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைத்து நாலாக வாங்குகிறேன். மழைக்கு 3 மில்லிமீற்றருக்குக் கீழே இறங்கிய டயரை நான் வைத்திருப்பதில்லை, 1.6 வரை காத்திருப்பதில்லை.

எனக்கு வருஷத்துக்கு 20,000 கிலோமீற்றர் அளவு ஓடுகிறது, ஆகவே மூன்று தடவை: மாசி, ஆனி, புரட்டாதி. புரட்டாதிதான் முக்கியமானது, அன்று அளக்கிற எண்தான் அந்த மாரியைத் தாண்டலாமா என்று சொல்லும். நடுவில் மஹியங்கனையால் கண்டிக்குப் போய் வந்தால் திரும்பி வந்ததும் ஒரு தடவை அளந்து பார்ப்பேன், 18 வளைவில் ஏறி இறங்கியதற்கு முன் டயரின் ஓரம் கணக்குச் சொல்லும்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டு வருகிறான். வாங்கி இரண்டு வருஷம், ஒரு தடவையும் டயரை அசைக்கவில்லையாம், 22,000 ஓடியிருக்கிறது. மாற்றிப் போடலாமா இல்லையா என்று நான் இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை. முதலில் அளக்க வேண்டும். கொப்பியில் அவனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.